தொட்டிக்கு மேலே ஒரு குரல்

அத்தியாயம் ஆறு

காலை ஆறரைக்குக் குச்சியின் போன் அடித்தது. நல்ல சேதியை யார் ஆறரைக்குச் சொல்கிறார்கள்?

ஆனால் வந்தது நல்ல சேதிதான்.

"கண்ணு, என்னைத் திட்டாதே," என்றாள் தையல்கார அக்கா. "என் மகளுக்கு வலி எடுத்திடுச்சு. ஆஸ்பத்திரியிலேர்ந்து பேசறேன்."

"ஐயோ அக்கா, இதுக்கு யாராவது திட்டுவாங்களா?"

"இன்னைக்கு உனக்குப் பெரிய வேலையாச்சே. நான் இல்லாம எப்படி?"

"அதை நான் பார்த்துக்கறேன். நீங்க உள்ளே போங்க. ஒரு பத்து நாளைக்கு என் நினைப்பே வேண்டாம்."

போனை வைத்துவிட்டு, எப்படிப் பார்த்துக்கொள்வது என்று தெரியாமல் சமையலறைத் தரையில் அப்படியே உட்கார்ந்தாள்.

குச்சி என்பது அவள் பெற்றோர் வைத்த பெயரல்ல. கல்யாணமாகி வந்த புதிதில் மாமியார் அவளை மேலும் கீழும் பார்த்து, "காத்தடிச்சா பறந்துடுவா போலிருக்கே," என்றாள். புருஷன் அதைக் குச்சி என்று சுருக்கினான். பதினாறு வருஷத்தில் பெயர் நிலைத்துவிட்டது. வைத்தவன்தான் நிலைக்கவில்லை.

குழாய் வேலை பார்த்தவன் அவன். எட்டு மாதத்துக்கு முன் ஒரு சாயங்காலம் சண்டை. "நீங்க இந்த வீட்டுல இருக்கறதும் ஒண்ணு, இல்லாததும் ஒண்ணு," என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள். மறுநாள் அவள் கடைக்குப் போய்வருவதற்குள் நாலு சட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். போன் அணைந்தது அணைந்ததுதான். பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் மிச்சம் இரண்டு பெண்கள்: ஒருத்தி மாமியார், ஒருத்தி மருமகள்.

அன்றைக்கு நின்றது மாமியாரின் பேச்சும்.

பேச்சு நின்றது என்றால் வாய் நின்றது என்று அர்த்தமில்லை. மாமியார் சுவரோடு பேசினாள், காலண்டரோடு பேசினாள். "கதவைத் திறந்துபோட்டுட்டுப் போறவங்க சாத்திட்டுப் போகலாம்," என்பாள் ஜன்னலைப் பார்த்து. "உப்பு தீர்ந்துபோச்சு, வாங்கறவங்க வாங்கட்டும்," என்பாள் அலமாரியிடம். மருமகளின் முகத்தைப் பார்த்து எட்டு மாதமாக ஒரு சொல் இல்லை. மகனைத் துரத்தியவள் என்ற கோபம். வேறென்ன இருக்கும்?

ஆறு மாதம் போனபின், சுயதொழில் பயிற்சி என்று ஒரு நாள் வகுப்புக்குக் குச்சி போனாள். மெழுகுவத்தி, சோப்பு, காகிதப்பை, துணிப்பை என்று சொல்லிக்கொண்டே வந்த பயிற்சியாளர் கடைசியில் பட்டியலை மூடிவைத்துவிட்டு ஒன்று சொன்னார். "இதெல்லாம் மறந்துடுங்க. வீட்டுக்குப் போய், புதுசா எதுவும் வாங்காம என்ன இருக்குன்னு பாருங்க. அதுலேர்ந்து ஆரம்பிங்க."

வீட்டில் இருந்தது புருஷன் விட்டுப்போன தண்ணீர் மோட்டார், ஐம்பது அடிக் கயிறு, ஒரு ஏணி. அப்புறம் எந்தச் சந்துக்குள்ளும் நுழைந்து வெளியே வரக்கூடிய உடம்பு. இரண்டு பிரஷ்ஷும் ஒரு மூட்டை பிளீச்சிங் பவுடரும் வாங்கினாள். 'குடிதண்ணீர்த் தொட்டி சுத்தம் செய்து தரப்படும்' என்று நோட்டீஸ் அடித்து வீடு வீடாகக் கதவிடுக்கில் செருகினாள். நாற்பது நாளில் ஐந்து தொட்டி. ஐந்தும் சின்ன வீடுகள்.

இன்றைக்கு முதல்முறையாக ஓர் அடுக்குமாடிக் கட்டடம். ஆறாவது தொட்டி. தரைக்கு அடியில் இருக்கும் பெரிய தொட்டி.

தனியாக இறங்கக் கூடாது. அது அவள் புருஷன் சொல்லிக் கேட்ட விதி. தொட்டி வாயில் ஓர் ஆள் உட்கார்ந்து உள்ளே இருப்பவரோடு விடாமல் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். உள்ளிருந்து பதில் வந்துகொண்டே இருக்க வேண்டும். பதில் நின்றால் கயிற்றை இழு, ஆளைக் கூப்பிடு. காற்று கெட்டால் மயக்கம் சொல்லிக்கொண்டு வராது. இந்த ஐந்து தொட்டிக்கும் தையல்கார அக்காதான் மேலே உட்கார்ந்தாள். பக்கத்துத் தெரு வம்பு அத்தனையும் குச்சிக்குத் தொட்டிக்குள் இருந்தபடியே தெரிந்தது.

அந்தக் கட்டடச் சங்கத்துச் செயலாளரைக் கூப்பிட்டு, வரவில்லை என்று சொல்லிவிடலாம். நம்பரைத் தேடிக்கொண்டே எழுந்து முன்னறைக்கு வந்தாள்.

வாசலில் மாமியார் நின்றிருந்தாள். காலில் செருப்பு, தோளில் பை, கையில் பிளாஸ்டிக் முக்காலி.

"மேலே உக்கார ஆள் இல்லாம யாரும் போக வேண்டாம்," என்றாள் காலண்டரிடம். "உக்கார்றதுக்கு எனக்கு என்ன கேடு?"

வாடகை வண்டியில் மாமியார் டிரைவருக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். பின்னால் மோட்டாரை அணைத்துப் பிடித்துக்கொண்டு குச்சி. டிரைவரிடம் முழங்கால் வலியைப் பற்றியும், முழங்கால் வலிக்கு மருந்து கொடுக்கும் டாக்டர்களைப் பற்றியும் மாமியார் வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தது கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கேட்டது. யாரோடும் பேசத் தெரியாதவள் இல்லை அவள்.

செயலாளர் ஓய்வுபெற்றவர். சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டே அவர்களையும் அவர்களுக்குப் பின்னாலும் பார்த்தார்.

"நீங்க ரெண்டு பேரும்தானா? ஆம்பளைங்க யாரும் வரலையா?"

"மூடியைப் பாருங்க சார். ஒண்ணேகால் அடி. உங்க வயிறு மாதிரி இருந்தா எந்த ஆம்பளை இதுக்குள்ளே போவார்?"

சொன்ன பிறகுதான் 'உங்க வயிறு' என்று சொல்லியிருக்கக் கூடாது என்று தோன்றியது. பின்னாலிருந்து 'ஹ்ம்' என்று ஒரு சத்தம். திரும்பினாள். மாமியார் முக்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மோட்டார் இரண்டு மணி நேரம் இறைத்தது. அடியில் கணுக்கால் அளவு வண்டல் மிச்சம். மேசை விசிறியைத் தொட்டி வாயில் சாய்த்து வைத்து நெடுநேரம் காற்று அடிக்கவிட்டாள். மோட்டாரின் பிளக்கைப் பிடுங்கித் தன் கையாலேயே தள்ளிவைத்தாள். தண்ணீரில் நிற்கும்போது கரண்டோடு விளையாட்டு கூடாது. இடுப்பில் கயிற்றைக் கட்டினாள். மறுநுனியைக் கம்பித் தூணில் ஒரு சுற்றுச் சுற்றி மாமியாரின் மடியில் வைத்தாள்.

"அத்தை, நான் உள்ளே இருக்கிற வரைக்கும் நீங்க பேசிட்டே இருக்கணும். நான் பதில் சொல்லிட்டே இருப்பேன். பதில் வரலைன்னா கயித்தை இழுத்து வாட்ச்மேனைக் கூப்பிடுங்க."

மாமியார் பக்கத்தில் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்ற வாட்ச்மேனைப் பார்த்தாள். "தம்பி, என்ன பேசணுமாம்?"

"எது வேணும்னாலும் பேசலாம் அத்தை."

மாமியார் வாட்ச்மேனிடமே சொன்னாள். "நான் எண்ணறேன். எண்ணினா போதும்ல?"

குச்சி ஏணியில் இறங்கினாள். தோளை முதலில் ஒரு பக்கம் சாய்த்து, பிறகு மறுபக்கம். வெளிச்சம் தலைக்கு மேலே ஒரு சதுரமாகச் சுருங்கியது. காலடியில் வழவழவென்று குளிர்ந்த சேறு. தலைவிளக்கைப் போட்டாள். நாலு சுவர். பச்சையும் கறுப்புமாகப் பாசி. அவள் மூச்சு அவளுக்கே பெரிதாகக் கேட்டது.

"ஒண்ணு," என்றது மேலிருந்து குரல்.

"ரெண்டு," என்றாள்.

"மூணு."

"நாலு."

வண்டலை வாளியில் அரைவாளி அரைவாளியாக அள்ளி ஏணியில் ஏறி நீட்டினாள். மேலே இரண்டு கைகள் வாங்கிக்கொண்டு போயின. "பதினேழு." "பதினெட்டு." காலி வாளி திரும்பி வந்தது. சுவரைத் தேய்க்கத் தொடங்கினாள். பிரஷ் உரசும் சத்தத்தில் குரல் அமுங்கிப்போகும். ஒவ்வொரு முறையும் தேய்ப்பதை நிறுத்திக் காதைக் கொடுக்க வேண்டும். "நாப்பத்தஞ்சு." "நாப்பத்தாறு." உலகத்தில் எத்தனை மாமியாரும் மருமகளும் இப்படிப் பேசிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். சிரிப்பு வரும்போல இருந்தது. வந்தது வேறு. புறங்கையால் கண்ணைத் துடைத்தாள், புறங்கையிலும் சேறு.

அவள் நூற்றுப் பன்னிரண்டு சொன்ன பிறகு மேலிருந்து எண் வரவில்லை.

"அத்தை?"

"உள்ளே வழுக்குதா?"

குச்சி பிரஷ்ஷைப் பிடித்தபடி நின்றாள். கேள்வி. நேராக அவளிடம்.

"வழுக்குது அத்தை. பார்த்துத்தான் நிக்கறேன்."

"செருப்பு போட்டிருக்கியா?"

"ரப்பர் பூட்ஸ் போட்டிருக்கேன்."

"ம்." குரல் இன்னும் கிட்டே வந்தது. "இங்கேர்ந்து உன் முகம் தெரியலை," என்றாள் மாமியார்.

"விளக்கைத் திருப்பட்டுமா?"

"வேண்டாம். தெரியாம இருக்கறதே நல்லது." மேலே முக்காலி கிறீச்சிட்டது. "அவன் போன் பண்றான்."

யார் என்று கேட்கத் தேவையில்லை. ஆனாலும் கேட்டாள். "யாரு?"

"யாருன்னு உனக்குத் தெரியாதா? நாலு மாசமா பண்றான். நீ வெளியே போனதும் நான் மிஸ்டு கால் கொடுப்பேன். அவன் திரும்பக் கூப்பிடுவான்."

குச்சி சுவரில் கையை வைத்துக்கொண்டாள். பாதிச் சுவர் சுத்தம்; பாதி இன்னும் பாசி.

"முதல் நாலு மாசம் உன்மேல கோபம்தான். அதை இல்லைன்னு சொல்லமாட்டேன். அப்புறம் அவன் போன் வந்தது. உன்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான். கோபம் அப்பவே போச்சு. ஆனா உன்கிட்ட நாலு வார்த்தை பேசினா அஞ்சாவது அதுவாத்தான் வரும்னு எனக்குத் தெரியும். நான் பொய் சொல்லிப் பழகலை. அதான் வாயைத் திறக்கலை."

"நல்லா இருக்காரா?"

"இருக்கான். வேற ஊர்ல கட்டட வேலை. இருமல்தான் விடலைங்கறான்."

"என்னைக் கேட்டாரா?"

எங்கோ ஒரு குழாய் சொட்டியது.

"பதில் சொல்லுங்க அத்தை. மேலே இருக்கறவங்க பேச்சை நிறுத்தக் கூடாது."

"மோட்டாரைக் கேட்டான்," என்றாள் மாமியார்.

குச்சி மெதுவாகக் கீழே உட்கார்ந்தாள். சேறும் தண்ணீரும் துணிக்குள் ஏறியது தெரிந்தது. எழுந்திருக்கத் தோன்றவில்லை. பதினாறு வருஷம். அவன் சாப்பிட உட்காரும்போது இடது முழங்காலை நீட்டி உட்காருவான் என்பது வரைக்கும் அவளுக்குத் தெரியும். அவன் போன அன்றிலிருந்து வாசல் கதவுக்கு நேரே பாயைப் போட்டுப் படுக்கிறாள். இரவில் வந்தால் தட்டும் சத்தம் கேட்க வேண்டுமே என்று. அவனோ அவ்வளவு தூரத்திலிருந்து மோட்டார் பத்திரமா என்று விசாரித்திருக்கிறான்.

"ஏய், குச்சி."

கேட்டது. பதில் சொல்ல வேண்டும் என்பதும் தெரிந்தது. வாய் வரவில்லை.

"குச்சி! பதில் சொல்லு!" இடுப்பில் கயிறு சுண்டி இழுத்தது. "நூத்திப் பதிமூணு! ஏய், நூத்திப் பதிமூணு! வாட்ச்மேன்! தம்பி! யாராவது ஓடி வாங்களேன்!"

கயிறு வெட்டி வெட்டி இழுத்தது. அறுபத்து மூன்று வயதுக் கைகள். முழங்கால் வலிக்காரி எழுந்து நின்று இழுக்கிறாள்.

"இருக்கேன் அத்தை," என்றாள் குச்சி. "இங்கேதான் இருக்கேன். விடுங்க, இடுப்பு அறுந்துடும்."

மேலே மூச்சு வாங்கும் சத்தம். அதன்பிறகு சதுர வெளிச்சத்தில் மாமியாரின் தலை எட்டிப் பார்த்தது. "மேலே வந்துடு. போதும் இந்தத் தொட்டி."

"இன்னும் ஒன்றரைச் சுவர் இருக்கு. முடிக்காம வந்தா பேரு கெட்டுடும்."

அந்த ஒன்றரைச் சுவரை அவள் தேய்த்த வேகத்தைப் பார்த்தால் பாசிக்கும் அவளுக்கும் ஏதோ தீராத பகை என்று நினைக்கத் தோன்றும். பவுடர் கரைத்த தண்ணீரால் கழுவினாள், பிறகு இரண்டு முறை நல்ல தண்ணீர், பிறகு மூலை மூலையாக ஸ்பாஞ்ச். மாமியார் இப்போது எண்ணவில்லை. எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போடுவதை, பூனை ஒன்று வண்டிக்கடியில் போனதை, செயலாளர் இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்ததைச் சொன்னாள். குச்சி "ம்", "ம்" என்று கேட்டுக்கொண்டாள்.

வெளியே வந்தபோது அவள் மணிக்கட்டை மாமியாரின் கை பிடித்துத் தூக்கியது. அந்த உள்ளங்கையில் கயிறு உராய்ந்து தோல் சிவந்திருந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள். மாமியார் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"மோட்டார் எங்கேன்னு சொன்னீங்க அவர்கிட்ட?" என்றாள் குச்சி, பூட்ஸைக் கழற்றியபடி.

"பரண்மேல பத்திரமா இருக்குன்னு சொன்னேன்."

"பொய் சொல்லத் தெரியாதுன்னீங்க?"

"கத்துக்கிட்டேன்," என்றாள் மாமியார். பையிலிருந்து பிளாஸ்க்கை எடுத்து மூடியில் டீ ஊற்றி நீட்டினாள். ஒரே மூடி. மருமகள் குடித்து முடிக்கும்வரை அவள் காத்திருந்தாள்.

செயலாளர் டார்ச் அடித்துப் பார்த்தார். இந்தப் பக்கம் குனிந்தும் அந்தப் பக்கம் குனிந்தும் பார்த்தார். "இந்தத் தொட்டிக்குத் தரை வெள்ளைன்னு எனக்கு இன்னைக்குத்தான் தெரியும்," என்று சொல்லிவிட்டு, யாரிடமோ பேச வேண்டும் என்று மாடியேறிப் போனார்.

கேட்டுக்கு வெளியே, சாமான்களோடு வண்டிக்காகக் காத்திருந்தபோது மாமியாரின் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தவள் முகம் மாறியது.

"இன்னைக்கு நான் மிஸ்டு கால் கொடுக்கலை. அவனாத்தான் கூப்பிடறான்."

"பேசுங்க. நான் அந்தப் பக்கம் போறேன்."

"எங்கே போறே? நில்லு." மாமியார் போனைக் காதில் வைக்கவில்லை. ஸ்பீக்கரைப் போட்டு உள்ளங்கையில் தட்டு மாதிரி ஏந்திக்கொண்டாள். "சொல்லுடா."

"அம்மா." எட்டு மாதத்துக்குப் பிறகு அந்தக் குரல். கரகரப்பு கூடியிருந்தது. குச்சி மோட்டாரின்மேல் உட்கார்ந்துவிட்டாள். "வெள்ளிக்கிழமை வர்றேம்மா. இங்கே ஒரு வேலை அமைஞ்சிருக்கு, மோட்டார் இருந்தாத்தான் நடக்கும். காலையில எட்டு மணி பஸ்ஸுல வந்து, எடுத்துட்டு, ஒன்பது மணி பஸ்ஸைப் பிடிச்சிடுவேன். உன்னையும் ஒரு வாட்டி பார்த்த மாதிரி இருக்கும். அந்த நேரத்துல அவ வீட்டுல இருக்கமாட்டால்ல?"

மாமியார் மருமகளைப் பார்த்தாள்.

"இங்கேதான் பக்கத்துல இருக்கா. நீயே கேளு."

மறுமுனையில் பின்னணியில் யாரோ சுத்தியலால் தட்டுவது மட்டும் கேட்டது. தட்டுவது நின்று மறுபடி தொடங்கியது. குச்சி வாயைத் திறந்தாள். 'இருமலுக்கு மருந்து சாப்பிட்டீங்களா' என்பதுதான் முதலில் வந்தது. அது நாக்குநுனிவரை வந்து நின்றபோது போன் துண்டிக்கப்பட்டிருந்தது.

மாமியார் போனைப் பைக்குள் போட்டாள். போட்டு, மறுபடி வெளியே எடுத்துப் பார்த்து, மறுபடி உள்ளே போட்டாள்.

"ஏம்மா! தொட்டிக்காரம்மா!" மாடிப்படியில் செயலாளர் மூச்சிரைக்க இறங்கி வந்தார். "நல்லவேளை, போகலை. கமிட்டியில பேசிட்டேன். பின்பக்கக் கட்டடத்துல மூணு தொட்டி இருக்கு. மூணையும் நீங்களே செஞ்சிடுங்க. ஆனா வெள்ளிக்கிழமை ஒருநாள்தான் எல்லாருக்கும் தண்ணியை நிறுத்த முடியும். காலையில எட்டு மணிக்கு ஆரம்பிச்சாத்தான் சாயங்காலத்துக்குள்ள முடியும். முடியுமா, இல்லை வேற ஆளைப் பார்க்கட்டுமா?"

மூன்று தொட்டி. இதுவரை செய்த ஆறில் பாதி, ஒரே நாளில். வெள்ளிக்கிழமை. எட்டு மணி.

குச்சி உட்கார்ந்திருந்த மோட்டார் வெயிலில் சூடாக இருந்தது.

"எட்டு மணிக்கு வந்துடறோம் சார்," என்றாள்.

வண்டி வந்தது. இந்தமுறை மாமியார் முன்னால் ஏறவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் ஏறி, மோட்டாருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். தெருக்கள் போயின. எட்டு மாதமாகக் கதவுக்கு நேரே படுத்தவள், அவன் கதவுக்கு வரும் நாளில் தான் இருக்கமாட்டேன் என்று தன் வாயாலேயே சொல்லிவிட்டாள். அது இப்போதுதான் மெல்ல உறைத்தது. யாரிடம் சொல்லி அழுவது? பக்கத்தில் இருப்பது அவனுடைய அம்மா.

அந்த அம்மா சிவந்த உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எட்டு மாசமாச்சு அவன் முகத்தைப் பார்த்து," என்றாள். "மோட்டார் இல்லைன்னா கோவிச்சுக்குவான். பரவாயில்லை. ஒரு மணி நேரம் உக்காருவான். வெள்ளிக்கிழமை நான் வீட்டுல இருந்துக்கட்டுமா?"

"தையல்கார அக்கா பத்து நாளைக்கு வரமாட்டாங்க அத்தை," என்றாள் குச்சி. "நீங்க மேலே இல்லாம நான் எப்படி உள்ளே இறங்கறது?"

மாமியார் தலையைத் திருப்பிச் சாலையைப் பார்த்தாள். வீடு வந்து வண்டி நின்றதும், இருவரும் ஆளுக்கொரு பக்கமாக மோட்டாரைத் தூக்கி வாசற்படி ஏறினார்கள்.